கைநழுவிய கிண்ணமும் கைசேர்ந்த கிண்ணமும்

விளையாட்டரங்கிலே வென்றவர் கதையைக் கூறுவோர் பலர். தோற்றவர் மறுநாட் காலையில் எவ்வாறு கண்விழித்தனர் என்பதைக் கூறுவோர் மிகச் சிலரே. ஆயினும், நாம் படிப்பினை பெறத்தக்க கதை பெரும்பாலும் இரண்டாவதாகவே இருக்கின்றது. அத்தகைய கதையொன்றை இவ்வாரம் நம் நேயர்களுக்குக் கூற விரும்புகின்றோம். அது அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்திலுள்ள சான் அன்டோனியோ நகரத்துக் கூடைப்பந்தாட்டக் கோஷ்டியின் கதை. 'ஸ்பர்ஸ்' என்பது அக்கோஷ்டியின் பெயர். குதிரைவீரன் தன் சப்பாத்தின் குதியிலே பூட்டிக்கொள்ளும் முட்கருவிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது.

இக்கோஷ்டியின் இரு பருவங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். 2012–13ஆம் பருவத்தில் 82 ஆட்டங்களில் 58 வெற்றி, 24 தோல்வி. 2013–14ஆம் பருவத்தில் 62 வெற்றி, 20 தோல்வி. வித்தியாசம் நான்கே நான்கு ஆட்டங்கள்! பயிற்றுநர் அவரே, முக்கிய வீரர்களும் அவர்களே, இறுதிச் சுற்றிலே எதிர்த்து நின்றதும் இருமுறையும் அதே மியாமி ஹீட் கோஷ்டியே. எனினும், முதற் பருவம் கண்ணீரிலே முடிந்தது. அடுத்த பருவம் கிண்ணத்திலே முடிந்தது. இடையில் நிகழ்ந்தது என்ன? இதுவே நம் கேள்வி.

ஆட்டத்தின் விதிகளை அறியாத வாசகர்களுக்காக ஓரிரு சொற்கள். அமெரிக்கத் தேசிய கூடைப்பந்துச் சங்கமாகிய என்.பி.ஏ. நடத்தும் போட்டிகளில் ஓர் ஆட்டம் 48 நிமிடங்களைக் கொண்டது. வளையத்தினுள் பந்தை இட்டால் இரண்டு புள்ளிகள். வளைவான கோட்டுக்கு வெளியே தொலைவில் நின்று இட்டால் மூன்று. எதிராளி விதியை மீறினால், தடுப்பாரின்றி நின்று எறியும் வாய்ப்புக் கிட்டும். அதற்கு ஒவ்வொரு புள்ளி. பருவத்து ஆட்டங்கள் முடிந்தபின், முன்னணிக் கோஷ்டிகள் இருவர் இருவராக மோதுவர். ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை வென்றவர் அடுத்த சுற்றுக்குச் செல்வர். இறுதிச் சுற்றும் அவ்வாறே.

தீவில் பிறந்த தலைவர்

கோஷ்டியின் பயிற்றுநர் கிரெக் பொப்பொவிச். அமெரிக்க விமானப்படைக் கலாசாலையில் பயின்றவர். 1996ஆம் ஆண்டு முதல் ஸ்பர்ஸ் கோஷ்டியைப் பயிற்றி வந்தவர். கோஷ்டியின் தூண் டிம் டங்கன். அவர் கரிபியன் கடலிலுள்ள வெர்ஜின் தீவுகளில், சென் குறோய் என்னும் சிறு தீவிலே 1976இல் பிறந்தார். இளமையில் அவருடைய கனவு கூடைப்பந்தன்று, நீச்சல். 1989இல் வீசிய 'ஹியூகோ' என்னும் கடும் புயல் அவர் பயின்ற நீச்சற் குளத்தைப் பாழாக்கிற்று. மறுவருடம் அவருடைய பதினான்காவது பிறந்தநாளுக்கு முதல் நாள் அன்னையார் புற்றுநோயால் காலமானார். அதன் பின்னரே அவர் கூடைப்பந்தை முழுமனத்துடன் கையில் எடுத்தார். இழந்ததை எண்ணி இடிந்து போகாத குணம் அவருக்கு அப்பொழுதே வாய்த்திருந்தது போலும்.

டங்கனுடன் பிரான்சிலிருந்து வந்த டோனி பார்க்கரும், ஆர்ஜென்டீனாவின் மனு ஜினோபிலியும் 2002 முதல் ஒன்றாக ஆடி வந்தனர். 2003, 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் மூவரும் சேர்ந்து கிண்ணம் வென்றனர். அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் கிண்ணம் அவர்களை அணுகவில்லை. 'கிழடு தட்டிய கோஷ்டி' என்று பத்திரிகைகள் எழுதலாயின. 2013இல் டங்கனுக்கு வயது 37. அவ்வயதில் பெரும்பாலான வீரர்கள் வீட்டிலிருந்து ஆட்டத்தைப் பார்ப்பர்.

இருபத்தெட்டு விநாடிகள்

அப்படியிருந்தும் 2013இல் அவர்கள் இறுதிச் சுற்றை அடைந்தனர். வழியில் லொஸ் ஏஞ்சல்ஸ், மெம்பிஸ் கோஷ்டிகளை ஓர் ஆட்டமும் தோற்காது வென்றனர். இடையே கோல்டன் ஸ்டேட் கோஷ்டியிடம் மட்டும் இரண்டு ஆட்டங்களை இழந்தனர். இறுதிச் சுற்றிலே ஐந்து ஆட்டங்கள் முடிந்தபொழுது ஸ்பர்ஸ் மூன்றுக்கு இரண்டு என முன்னணியில் நின்றது. இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும்.

2013 யூன் 18ஆம் திகதி, மியாமி நகரிலே ஆறாவது ஆட்டம். டங்கன் முற்பாதியில் மட்டும் 25 புள்ளிகள் ஈட்டினார். ஆட்டம் முடிய ஏறக்குறைய 28 விநாடிகள் எஞ்சியிருக்கையில் 94–89 என ஸ்பர்ஸ் முன்னணியிலே இருந்தது. கொண்டாட்டத்தின்போது சனக்கூட்டம் உள்ளே புகாதிருக்க, ஆடுகளத்தைச் சுற்றிக் கட்டவேண்டிய மஞ்சட் கயிற்றை ஊழியர்கள் எடுத்து வந்துவிட்டனர். மியாமி இரசிகர் பலர் மனமுடைந்து மண்டபத்தை விட்டு வெளியேறினர். பின்னர் அவர்களே திரும்பி ஓடிவந்து, மூடிய கதவுகளைத் தட்டி நின்றது தனிக்கதை.

அந்தச் சொற்ப நேரத்தில் எத்தனை சிறு பிழைகள்! தடுப்பாரின்றி எறியக் கிடைத்த இரண்டு வாய்ப்புகளில் ஒன்றை ஜினோபிலி தவறவிட்டார். மியாமியின் லெப்ரோன் ஜேம்ஸ் தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளிகள் பெற்றார். அடுத்து 21 வயது இளைஞர் கவாய் லெனார்ட்டுக்கு இரண்டு எறிகள் கிட்டின. அவரும் ஒன்றைத் தவறவிட்டார். 95–92. ஜேம்ஸ் மீண்டும் எறிந்தார். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. அதைப் பற்றியிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். ஆனால், அவ்வேளையில் நெடியவரான டங்கன் களத்தில் இல்லை. தூர எறிகளைத் தடுப்பதற்கு வேகமாக நகரக்கூடியவர்கள் வேண்டுமெனக் கருதிப் பயிற்றுநர் அவரை வாங்கிலே இருத்தியிருந்தார். மியாமியின் கிறிஸ் பொஷ் பந்தைப் பற்றி ரே அலனிடம் கொடுத்தார். அலன் பின்னோக்கி அடியெடுத்து வைத்து, மூலையிலிருந்து எறிந்தார். 5.2 விநாடிகள் எஞ்சியிருக்க, ஆட்டம் 95–95 எனச் சமமாயிற்று. மேலதிக நேரத்தில் மியாமி 103–100 என வென்றது.

இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டம். இறுதி நிமிடத்தில் 90–88 என மியாமி முன்னிற்கையில், சமன் செய்யும் வாய்ப்பு டங்கனுக்கே கிட்டியது. வளையத்துக்கு மிக அருகில், ஆயிரம் தடவை இட்டுப் பழகிய பந்து. அது உள்ளே விழவில்லை. பின்வாங்கி ஓடிய டங்கன் குனிந்து இரு கைகளாலும் தரையை அறைந்தார். உணர்ச்சியை வெளிக்காட்டாத மனிதர் என்று பெயர்பெற்றவர் அவர்! 95–88 எனக் கிண்ணம் மியாமியிடம் சென்றது.

இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிட வேண்டும். அந்த ஏழு ஆட்டங்களிலும் இரு கோஷ்டிகளும் பெற்ற புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். ஸ்பர்ஸ் 684, மியாமி 679. ஐந்து புள்ளி கூடுதலாகப் பெற்றவரே தோற்றவர்.

தோல்வியை நேருக்கு நேர் நோக்கல்

மயிரிழையில் தோற்றவனுக்கு இரண்டு சோதனைகள் வருகின்றன. 'எல்லாம் அதிர்ஷ்டம், எம்மிடம் குறையேதுமில்லை' என்று சொல்லிக் கைகட்டி இருப்பது ஒன்று. 'எல்லாமே பிழை, அனைத்தையும் இடித்துப் புதிதாகக் கட்டுவோம்' என்று பதறுவது மற்றொன்று. முன்னது சோம்பலின் குரல். பின்னது கோபத்தின் குரல். பொப்பொவிச் இரண்டுக்கும் செவிசாய்க்கவில்லை.

ஆறாவது ஆட்டம் முடிந்த அன்றிரவே அவர் செய்த காரியம் நம் மனத்தை விட்டு அகலாதது. வெற்றி விருந்துக்கென மியாமியில் ஓர் உணவகம் முன்னரே ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. தோல்வியின் பின் எவரும் அங்கே போக எண்ணியிருக்கமாட்டார்கள். ஆனால், அனைவரும் அங்கேயே வரவேண்டும் என்று பயிற்றுநர் பணித்தார். தாம் முந்திச் சென்று, வந்த ஒவ்வொருவரையும் வரவேற்று, ஒவ்வொருவரிடமும் சென்று பேசி, உண்ணச் செய்தார். யாரும் தனியறையில் இருந்து தன்னைத் தானே நொந்துகொள்ள அவர் விடவில்லை. பந்தைத் தவறவிட்ட இளைஞனும் மற்றவரோடு ஒரே மேசையில் அமர்ந்தான். அன்றிரவு பழி எவர் தலையிலும் சுமத்தப்படவில்லை.

ஆனால், ஆறுதலோடு விடயம் முடிந்துவிடவில்லை. சில மாதங்களின் பின்னர், புதிய பருவத்துக்கான பயிற்சி தொடங்கியபோது, முதல் வேலையாக அந்தத் தோல்வியின் ஒளிப்பதிவை எல்லோரையும் இருத்திப் பார்க்கச் செய்தார் பொப்பொவிச். எவரும் மறக்க விரும்பியதை எல்லோருமாகச் சேர்ந்து பார்த்தனர். எங்கே கால் பிந்தியது, எங்கே கை தளர்ந்தது, எந்தப் பந்தைப் பற்றியிருக்கலாம் என்று ஆராய்ந்தனர். முதலில் அன்பு, பின்னர் ஆய்வு! இந்த வரிசையைப் பெற்றோரும் ஆசிரியரும் சற்றே கவனிக்க வேண்டுகின்றோம்.

இக்கோஷ்டியின் உடைமாற்றும் அறையிலே ஒரு வாசகம் தொங்கவிடப்பட்டிருந்தது. டென்மார்க்கிலே பிறந்து அமெரிக்காவிலே பத்திரிகையாளராய் விளங்கிய ஜேக்கப் ரீஸ் என்பவர் கல்லுடைப்பவனின் பொறுமையைப் பற்றி எழுதியது அது. பல நாட்டு வீரர்களும் தத்தம் மொழியிலே படிக்கும் வண்ணம் அது பல மொழிகளில் எழுதப்பட்டிருந்தது. கல் பிளப்பது கடைசி அடியின் வலிமையால் மாத்திரமன்று என்பதே அதன் சாரம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதுவேயன்றோ?

என்ன மாறிற்று?

மாறியவை சிறியவையே. முதலாவது, பாரத்தைப் பகிர்ந்துகொண்ட முறை. 2012–13இல் பார்க்கர் ஆட்டமொன்றுக்குச் சராசரி ஏறக்குறைய 33 நிமிடங்கள் ஆடினார். அடுத்த பருவத்தில் எந்த ஒரு வீரரும் சராசரி 30 நிமிடங்களை எட்டவில்லை. என்.பி.ஏ. வரலாற்றிலேயே இவ்வாறு ஆடிய முதற் கோஷ்டி இதுவே. முதியவர்களின் கால்கள் பருவத்தின் இறுதி வரை தளராதிருக்க, வாங்கிலே இருந்த இளைஞர்களுக்கு வேலை கொடுக்கப்பட்டது. அதிக புள்ளி பெற்றவரான பார்க்கரின் சராசரியும் 16.7 மாத்திரமே. புகழ் ஒருவரிடம் குவியவில்லை, பலரிடம் பரவிற்று.

இரண்டாவது, வாங்கிலிருந்தோரின் வளர்ச்சி. அவுஸ்திரேலியாவின் பட்டி மில்ஸ் என்பவரைப் பாருங்கள். டொரெஸ் நீரிணைத் தீவினரின் மரபிலே வந்தவர். முதற் பருவத்தில் அவர் களத்தில் நின்ற நேரம் சொற்பம். வாங்கிலிருந்து துவாயைச் சுழற்றித் தோழர்களை உற்சாகப்படுத்துபவர் என்றே பலரும் அவரை அறிந்திருந்தனர். விடுமுறையிலே அவர் உடலை மெலிவித்து, பயிற்சியிலே மூழ்கினார். அடுத்த பருவத்தில் ஆட்டமொன்றுக்கு 10 புள்ளிகளுக்கு மேல் பெறும் வீரராகத் திரும்பினார். துவாய் சுழற்றியவருக்கும் தருணம் வரும். வரும்போது ஆயத்தமாயிருக்க வேண்டும்.

மூன்றாவது, பந்தைக் கைமாற்றும் கலை. முன்னரே இதில் வல்லவர்கள்தாம். இப்பொழுது அது அவர்களுக்கு மூச்சுப் போலாயிற்று. தனக்கு நல்ல வாய்ப்பு இருப்பினும், தோழனுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இருந்தால் பந்தை அவனிடம் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். பருவத் தொடக்கத்திலே அமெரிக்கப் பெருநிலத்துக்கு வெளியே பிறந்து வளர்ந்த பத்து வீரர்கள் இக்கோஷ்டியில் இருந்தனர். பிரான்ஸ், ஆர்ஜென்டீனா, பிறேசில், இத்தாலி, கனடா, அவுஸ்திரேலியா, வெர்ஜின் தீவுகள் என ஊர் வேறு, மொழி வேறு. பந்தின் மொழி ஒன்று.

இவற்றின் பயனாக 2014இன் தொடக்க மாதங்களிலே 19 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்றனர். அக்கோஷ்டியின் வரலாற்றில் அதற்கு முன் அத்தகைய தொடர் வெற்றி இல்லை.

பாதை எளிதன்று

'அவ்வாறாயின் இரண்டாம் பருவம் தங்குதடையின்றி ஓடியிருக்கும்' என்று நேயர்கள் எண்ணலாம். உண்மை வேறு. முதற் பருவத்தில் இறுதிச் சுற்றுக்குப் போகும் வழியில் அவர்கள் இழந்தவை இரண்டே ஆட்டங்கள். இரண்டாம் பருவத்திலோ ஆறு. முதற் சுற்றிலேயே, மேற்குப் பிரிவில் எட்டாம் இடத்திலிருந்த டலஸ் கோஷ்டி அவர்களை ஏழாவது ஆட்டம் வரை இழுத்துச் சென்றது. அந்த ஏழாவது ஆட்டத்தை 119–96 என வென்ற பின்னரே மூச்சு வந்தது. பருவத்தில் நான்கு முறை சந்தித்து நான்கு முறையும் தம்மைத் தோற்கடித்த ஒக்லஹோமா கோஷ்டியை அடுத்து மேற்குப் பிரிவின் இறுதியில் எதிர்கொண்டனர். ஆறாவது ஆட்டத்தின் பிற்பாதியில் பார்க்கர் கணுக்கால் வலியால் ஆடவில்லை. ஆட்டம் மேலதிக நேரத்துக்குச் சென்றது. அதிலே 38 வயதான டங்கன் முன்னின்று வென்று கொடுத்தார். இன்னும் நான்கு வெற்றிகள் வேண்டும், இம்முறை அதைச் செய்து முடிப்போம் என்ற கருத்தை அவர் அன்று வெளிப்படையாகவே கூறினார். அளந்து பேசும் மனிதரிடமிருந்து வந்த அச்சொல் பலரை வியக்கச் செய்தது.

மீண்டும் மியாமி

2014 யூன் 5ஆம் திகதி சான் அன்டோனியோவில் முதலாவது ஆட்டம். மண்டபத்தின் குளிரூட்டும் இயந்திரம் பழுதடைந்து, வெப்பம் தாங்கமுடியாததாயிற்று. தசைப்பிடிப்பினால் ஜேம்ஸ் களத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. 110–95 என ஸ்பர்ஸ் வென்றது. 'வெயில் வென்றது, ஸ்பர்ஸ் அன்று' என்றனர் சிலர். இரண்டாவது ஆட்டத்தில் பழைய பேய் மீண்டும் தலைகாட்டிற்று. தடுப்பாரின்றி எறியும் வாய்ப்புகளில் பார்க்கரும் டங்கனும் அடுத்தடுத்து நான்கைத் தவறவிட்டனர். 98–96 என இரண்டே புள்ளிகளால் மியாமி வென்றது. முந்திய ஆண்டின் கதையே திரும்பவும் எழுதப்படுகின்றதோ என்று இரசிகர்கள் கலங்கினர்.

மூன்றாவது ஆட்டம் மியாமியில். அங்கேதான் ஓராண்டு உழைப்பு வெளிப்பட்டது. முற்பாதியில் 33 முறை எறிந்து 25 முறை வளையத்தில் இட்டனர். இறுதிச் சுற்றின் வரலாற்றிலே அது ஒரு புதிய சாதனை. 111–92. நான்காவது ஆட்டம் 107–86. ஐந்தாவது ஆட்டம் யூன் 15ஆம் திகதி, சொந்த ஊரிலே. தொடக்கத்தில் 22–6 என மியாமி முந்திச் சென்றது. பதற்றமில்லை; பழி சொல்வதில்லை. வாங்கிலிருந்து எழுந்து வந்த ஜினோபிலி கோஷ்டியை மீட்டார். துவாய் சுழற்றிய மில்ஸ் மூன்றாங் கால்பகுதியில் எறிமேல் எறியாக இட்டுக் குவித்தார். 104–87. கிண்ணம் கைசேர்ந்தது. ஐந்து ஆட்டங்களிலும் ஸ்பர்ஸ் பெற்ற புள்ளிகள் மியாமியுடையனவற்றிலும் 70 அதிகம். அதாவது ஆட்டமொன்றுக்குப் பதினான்கு.

இறுதிச் சுற்றின் தலைசிறந்த வீரர் என்ற விருது எவருக்குக் கிடைத்தது தெரியுமா? முந்திய ஆண்டு அந்த ஓர் எறியைத் தவறவிட்டாரே, அதே கவாய் லெனார்ட்டுக்கு! முதலிரு ஆட்டங்களில் ஒன்பது ஒன்பது புள்ளிகள் மட்டுமே பெற்ற அவர், பின்னர் 29, 20, 22 எனப் பெற்று, ஜேம்ஸைத் தடுக்கும் பெரும் பொறுப்பையும் சுமந்தார். அப்பொழுது அவருக்கு வயது 22.

காலம் எவரையும் விட்டு வைப்பதில்லை. டங்கன் 2016இலும், ஜினோபிலி 2018இலும், பார்க்கர் 2019இலும் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றனர். லெனார்ட் 2018இல் வேறு கோஷ்டிக்குச் சென்றார். பொப்பொவிச் 2025இல் பயிற்றுநர் பதவியிலிருந்து விலகினார். ஆனால், அவ்விரு பருவங்களும் ஒன்றையொன்று விளக்கிக்கொண்டு வரலாற்றிலே நிற்கின்றன.

நாம் இதை மிகைப்படுத்த விரும்பவில்லை. ரே அலனின் பந்து ஓர் அங்குலம் விலகியிருந்தால் 2013இலேயே கிண்ணம் வந்திருக்கும். பெரியதொரு பாடமும் எவருக்கும் தோன்றியிராது. டலஸுடனான ஏழாவது ஆட்டம் தவறியிருந்தால் 2014உம் கண்ணீராகவே முடிந்திருக்கும். உழைத்தவரெல்லாம் வெல்வதில்லை என்பதும் உலக உண்மையே. ஆனால், பந்து எங்கே விழும் என்பது நம் கையில் இல்லாவிடினும், விழுந்த பின் நாம் என்ன செய்கின்றோம் என்பது நம் கையிலேயே இருக்கின்றது.

ஆண்டுதோறும் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாளில் நம் வீடுகள் பலவற்றிலும் ஒரு பிள்ளை சோர்ந்த முகத்துடன் வாசற்படி ஏறுகின்றது. ஒரு புள்ளி, இரு புள்ளிகளால் வாய்ப்பை இழந்த பிள்ளை. அன்றைக்கே கேள்விக்கணை தொடுக்காதீர்கள். முதலில் அப்பிள்ளையை மேசையிலே எல்லோருடனும் இருத்திச் சோறு பரிமாறுங்கள். சில நாட்கள் சென்றபின் பிழைத்த இடத்தை அருகிருந்து சேர்ந்து பாருங்கள். அடுத்த முறை அந்த வீட்டின் தலைசிறந்த வீரன் அப்பிள்ளையாகவே இருக்கக்கூடும்.